சுமைதாங்கி ஸ்டாப்பு

வெள்ளெருக்கம்பட்டிக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால் கண்டக்டர் முழிப்பார். சுமைதாங்கி ஸ்டாப்பு என்றால் உடனே கிழித்துக் கொடுத்துவிடுவார். அந்தப் பெயரை எங்களுக்கு வாங்கிக் கொடுத்த கல், மெயின் ரோட்டு ஓரத்தில், வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, இரண்டு கல் கால்களின் மேல் குறுக்கே படுத்துக் கிடந்தது. மேல்பக்கத்தில் ‘இருளாயி நினைவாக’ என்று உளியால் வெட்டியிருந்தது. ஊருக்கு வருகிறவர்கள் அதில் பையை வைத்துவிட்டுத்தான் ஊர் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

எங்கள் ஊரில் பார்க்கத் தகுந்தது என்று வேறு பெரிதாக ஒன்றும் கிடையாது. காளியம்மன் கோயில் உண்டு, வருஷத்தில் பாதி நாள் வற்றிக் கிடக்கும் ஊருணி உண்டு, அப்புறம் மேற்கே பழைய வண்டிப்பாதையில் ரெட்டைக்கால் பொட்டல் என்று ஒரு கரிசல் வெளி உண்டு. பொட்டலின் நடுவில் இரண்டு கல் தூண்கள் மட்டும் நிற்கும், மேலே ஒன்றும் இருக்காது, ஆடுகள் முதுகு தேய்த்துக்கொள்ளும். அது ஏதோ ஒரு கோட்டையின் வாசல் என்று ஒரு வாத்தியார் சொல்லிவிட்டு மாற்றலாகிப் போனார், நாங்களும் நம்பி, வெளியூரில் பெண் பார்க்கப் போகும்போதெல்லாம் கோட்டை இருந்த ஊர் என்று சொல்லிக்கொண்டோம்.

வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், இறக்கி வைக்க முடியாத சுமையோடு போகிறாள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவள் பெயரில் பாதையோரம் ஒரு சுமைதாங்கி நிறுத்த வேண்டும், போகிறவர் வருகிறவர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போதெல்லாம் அவளுடைய சுமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், பதினாறாம் நாள் கருமாதிக்குள் கல் நின்றாக வேண்டும், தவறினால் அவள் சுமையோடு ஊர் சுற்றுவாள். இருளாயி எங்கள் ஊர்ப் பழைய பஞ்சாயத்துத் தலைவர் சோலையப்பனின் முதல் மனைவி. பிரசண்டு என்றால்தான் அவரைத் தெரியும். அவள் நிறைமாதத்தில் போய்ச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கருமாதிக்கு முந்தின நாளே கல் நின்றுவிட்டது என்று அந்தக் காலத்தில் அவரை எல்லோரும் மெச்சினார்கள்.

பிரசண்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் எதையும் சுமந்து நாங்கள் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டியும் தோளில் ஒரு துண்டும் போட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடப்பார், ஒரு மஞ்சள் பை என்றால்கூட பின்னால் வருகிறவன் கையில்தான் இருக்கும்.

கல் முதலில் ஆள் தோள் உயரத்துக்கு நின்றது. தலைச்சுமைக்காரர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை அப்படியே சரித்து இறக்க அதுதான் தோதான உயரம். பிறகு தேர்தலுக்குத் தேர்தல் ரோட்டின் மேலேயே தார் ஊற்றினார்கள், ஓரத்தில் மண் அடித்தார்கள், ரோடு ஏற ஏறக் கல் இறங்கி, கடைசியில் இடுப்பளவுக்கு வந்து நின்றது. சுமக்கிறவர்களும் குறைந்துபோனார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதில் கூடையையும் குடையையும் வைத்தார்கள், வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினார்கள்.

ஒரு பங்குனி மாதத்து உச்சிவேளையில், சீமைக்கருவேல விறகு வெட்டித் தலையில் சுமந்து வந்த சந்தனமாரி, கட்டு விறகைக் கல்மேல் இறக்கி வைத்து, தொட்டிக் குழாயில் முகம் கழுவி, இரண்டு வாய் தண்ணீர் குடித்து, முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, குனிந்து இரண்டு கையையும் கொடுத்து மூச்சடக்கி ஒரு தம் பிடித்துத் தூக்கியபோது, கட்டு அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாக மேலே வந்துவிட்டதில் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டாள். அதே கட்டுதான், ஒரு சுள்ளிகூடக் குறையவில்லை, கனம் மட்டும் இல்லை.

"எவளோ என் கனத்த எடுத்துக்கிட்டாப்பா" என்று பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, ஒரே விரலில் கட்டைக் கோத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். நின்றவர்கள் பார்த்தார்கள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

ஏன் அன்றைக்கு, ஏன் அந்தக் கட்டு என்று கேட்டால் எங்களிடம் பதில் கிடையாது. அதைக் கேட்கவும் யாருக்கும் நேரமில்லை. மறுநாள் காலையிலேயே உர மூட்டைகளும் சிமெண்டு மூட்டைகளும் கல்லைத் தேடி வர ஆரம்பித்தன, கேஸ் சிலிண்டர்கள் வந்தன, ஒரு கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த அண்டாக்கள் வந்தன, ஒருத்தன் வீடு கட்டுவதற்கு இறக்கிய செங்கல்லை எல்லாம் தட்டுத் தட்டாக வைத்து எடுத்து வைத்து எடுத்து, சின்னப் பிள்ளைகளை விட்டே சுமக்க வைத்தான். வாங்கின சரக்கைக் கல்லில் வைப்போம், விற்கிற சரக்கை வைக்க மாட்டோம். பருத்திப் பொதியைக் கொண்டுபோகிறவர்கள் ரோட்டின் எதிர்ப்பக்கமாகவே போனார்கள், தெரியாமல் கல்லில் இறக்கிவிட்டால் கமிஷன் கடைத் தராசில் முள் அசையாது. ஒரு சங்கடத்தைக்கூடக் காசாக்கத் தெரிந்த ஆட்கள் நாங்கள், இது வரமாகவே வந்திருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கனம் போன விறகு எரிந்தது, ஆனால் கங்கு நிற்கவில்லை. கனம் போன அரிசி வெந்தது, பொங்கியது, ஒரு பானைச் சோற்றைத் தின்றாலும் வயிறு நிறையாமலே இருந்தது. கனம் போன தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றினால் மண்ணுக்குள் இறங்காமல் சேம்பிலையில் நிற்கிற மாதிரி கரிசலின் மேலேயே உருண்டுகொண்டிருந்தது. ஆடிக் காற்றில் அந்தச் செங்கல் வீட்டின் சுவர்கள் பந்தல் துணி மாதிரி படபடத்தன, வீட்டுக்காரன் நாலு மூலையிலும் கயிறு கட்டி முளையடித்துக்கொண்டான். சந்தனமாரியின் புருஷன் தங்கமாடன் ஒருநாள் குடித்துவிட்டுக் கல்மேல் ஏறிப் படுத்துத் தூங்கி எழுந்தான், அதற்குப் பிறகு அவன் காலடி புழுதியில் பதியவில்லை. காற்றடிக்கிற நாளில் அவள் அவன் இடுப்பில் அம்மிக்குழவியைக் கட்டித்தான் வெளியே விட்டாள்.

காளியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டுப் பேசினோம். தின்கிறதை, குடிக்கிறதை, விதைக்கிறதை, உயிருள்ளதைக் கல்லில் வைக்கக் கூடாது என்று முடிவானது, முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிகள் கிட்டேயே போகக் கூடாது என்றார்கள். மற்றதெல்லாம் அவரவர் வசதி. கல்லை எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, பிரசண்டும் சொல்லவில்லை. அவர் அன்றைக்குக் கூட்டத்தின் ஓரத்தில் கையைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார், பேசுகிறதற்கு என்றே பிறந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இவ்வளவு கனத்தையும் வாங்கிக்கொண்டு கல் ஒரு அங்குலம்கூடப் புதையவில்லை, கீறவில்லை. ஆனால் அதன் காலடியில் புல் முளைப்பது நின்றது, எறும்புகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. உச்சிவேளையில், ரோட்டில் வண்டி எதுவும் வராத நேரம் பார்த்துக் காதை வைத்தால், பாரம் சுமக்கிற ஒருத்தி தோள் மாற்றிக்கொள்ளும்போது விடுகிற மூச்சு கேட்டது. முதலில் பயந்தவர்களுக்கும் பிறகு பழகிவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அந்த நேரத்தில் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டு, மூச்சு விட்டு முடித்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள்.

பிரசண்டுக்கு இரண்டாவது மனைவி செல்லத்தாய். அவள் பெற்ற ஒரே மகன் கணேசபாண்டி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், அவன் மனைவி வேல்மயில் மாமியாரோடு ஊரில் இருந்தாள். ஆவணியில் அவளுக்கு ஏழு மாதம். செல்லத்தாய்க்குக் காய்ச்சல் என்று, டவுன் ஆஸ்பத்திரிக்கு அவளே தனியாகப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு உச்சிவேளை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸ் போய்விட்டது, ஸ்டாப்பில் ஆள் இல்லை, தார் ரோடு கானலாக நெளிந்தது, அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடித்துக்கொள்ள எட்டின தூரத்தில் இருந்தது அந்தக் கல் ஒன்றுதான். வேண்டாம் என்று தெரிந்தும் கை போய்விட்டது, கையோடு உடம்பும் சாய்ந்துவிட்டது, இடுப்பளவுக்கு இறங்கியிருந்த அந்தக் கல்லின் விளிம்பில் அவள் வயிறு போய்ப் பதிந்தது.

"எறக்கி வையி தாயி. எம்புட்டு நேரந்தான் சொமப்ப?" என்று ஒரு பொம்பளைக் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது என்று அவள் பிறகு சொன்னாள். அந்தக் குரலில் கெட்டது எதுவும் தெரியவில்லை, சலித்துப்போன ஒரு குரல், வெகுதூரம் நடந்து வந்த குரல். அதைக் கேட்டதும் வேல்மயிலுக்குக் கால்வலி நின்றது, இடுப்புவலி நின்றது, உடம்பெல்லாம் காற்றாட்டம் ஆகி, கல்யாணத்துக்கு முன்னால் நடந்த நடையில் வீட்டுக்கு நடந்தாள்.

வாரா வாரம் வருகிற கிராம நர்ஸ் ரோஸ்லின்தான் முதலில் கண்டுபிடித்தாள். எங்கள் ஊருக்கு வந்து வந்து அவளுக்கும் எல்லாம் பழகியிருந்தது. எடை மிஷினில் வேல்மயிலை ஏற்றினாள், இறக்கினாள், மறுபடி ஏற்றினாள், வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள்.

"பிள்ளை உதைக்குது, துடிப்பு நல்லா இருக்கு. கனந்தான் இல்ல" என்றாள். "கல்லுப் பக்கம் போனியாம்மா?"

வேல்மயில் ஸ்டாப்பில் நடந்ததைச் சொன்னாள். செல்லத்தாய் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்தாள்.

கனம் உள்ள பிள்ளை நாள் ஆக ஆகக் கீழே இறங்கும். இது மேலே ஏற ஆரம்பித்தது. தண்ணீருக்குள் விட்ட காற்று மாதிரி அது வேல்மயிலின் வயிற்றுக்குள் உயர்ந்து உயர்ந்து விலாவுக்கு வந்தது, நெஞ்சுக்குழியை முட்டியது, ஐப்பசி பிறந்தபோது அவளால் படுக்க முடியவில்லை, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை, வாயைத் திறந்து மூச்சுக்கு ஏங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமே என்று கணேசபாண்டி போனில் அழுதான்.

"எடுக்கலாம்ப்பா" என்றாள் ரோஸ்லின். "எடுத்தா அது கையில நிக்குமா? பால் குடிச்சா வயித்துல நிக்குமா? கனத்த வாங்கிட்டு வாங்க முதல்ல. இன்னும் நாலஞ்சு நாளு போச்சுன்னா இவளுக்கு மூச்சே இருக்காது."

செல்லத்தாய் தேங்காய் பழத்தோடு கல்லிடம் போனாள். இருளாயியின் படத்துக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூ வைத்துக் கும்பிட்டவள் அவள், கோபம் இருந்தால் தன்மேல்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "அக்கா, என்னைய எடுத்துக்க, பிள்ளையக் குடுத்துரு" என்று கல்லின் கால்களைக் கட்டிக்கொண்டு தரையோடு விழுந்து அழுதாள். அழுது எழுந்திருப்பதற்காகக் குறுக்குக் கல்லின் அடியில் கையைக் கொடுத்தபோது அவள் விரல்கள் ஒரு பள்ளத்துக்குள் போயின. தடவிப் பார்த்தாள். வழவழவென்று, ஆட்டுரலின் குழி மாதிரி தேய்ந்திருந்தது. எத்தனையோ தலைமுறை மூட்டைகளை இறக்கி ஏற்றித் தேய்ந்த தேய்வு, வானத்தைப் பார்த்து இருக்க வேண்டியது தரையைப் பார்த்துக் கிடந்தது.

அவள் எழுந்தாள், முகத்தைத் துடைத்தாள், நேரே ஊருக்குள் வந்து, கோயில் முன்னால் நாலு பேரோடு நின்ற புருஷனை, ஊரே பார்க்க ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னமோ ஏதோ என்று நாங்களும் பின்னால் போனோம்.

"இந்தக் கல்லு யாரோடது?" என்றாள்.

"என்ன கேள்வி இது? எழுதியிருக்குல்ல" என்றார் பிரசண்டு.

"மேல எழுதியிருக்கு. கீழ கையக் குடுத்துப் பாருங்க. இருளாயி அக்காவுக்கு வச்ச புதுக்கல்லு, கீழ்ப்பக்கம் எப்படித் தேயும்?"

அவர் எங்களைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். கோத்திருந்த கைகள் பின்னால் அவிழ்ந்தன.

"அப்ப குவாரி மூடிக் கெடந்துச்சு. பதினாறு நெருங்கிருச்சு. தையில முகூர்த்தம் வேற குறிச்சாச்சு. கல்லு நிக்காமப் பொண்ணு தரமாட்டோம்னு உங்கப்பா சொல்லிட்டாரு. ரெட்டைக்கால்ல ஒரு அநாதக் கல்லு கெடந்துச்சு. குறுக்குக் கல்ல மட்டும் ராத்திரியோட வண்டில ஏத்திட்டு வந்து, தேஞ்ச பக்கத்தக் கீழ பொரட்டிப் போட்டு, பேரு வெட்டிட்டேன்."

"அநாதக் கல்லா? யாருக்கு வச்சதுன்னு யாரையாச்சும் கேட்டீகளா?"

அவர் கேட்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் எங்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது, அதுதான் இதில் அசிங்கமான விஷயம். வேம்பாற்றுப் பக்கமிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிக்காரர்கள் கூட்டத்தில் ஒருத்தி வயிற்றுப்பிள்ளையோடு வழியில் செத்துப்போனாள் என்றும், அவர்கள் இரண்டு காலும் ஒரு குறுக்குக் கல்லுமாக நிறுத்திவிட்டு, கும்பிட்டுவிட்டு, வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றும், பிறகு ரயில் வந்து உப்பு வண்டிகள் நின்றுபோனதால் அவளுக்கென்று யாரும் திரும்பி வரவில்லை என்றும் ஆளாளுக்குக் கொஞ்சம் கேட்டிருந்தோம். கோட்டை வாசல் என்கிற பேச்சு அதைவிட நன்றாக இருந்ததால் அதை மறந்திருந்தோம். முப்பது வருஷமாக அந்தப் பெயர் தெரியாதவள், தன் கல்லைப் பறிகொடுத்து, குப்புறப் போட்ட அதே கல்லுக்கு அடியில் இன்னொருத்தியின் சுமையைச் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தாள்.

கல்லை அவளிடமே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று உடனே பொக்லைன் வந்தது. சங்கிலியைக் கட்டி இழுத்தால் கல் அசையவில்லை, பொக்லைனின் பின்சக்கரங்கள்தான் ரோட்டை விட்டு மேலே எழும்பின. ஊரின் கனமெல்லாம் அதற்குள் இருந்தது. டிரைவர் இறங்கி, சங்கிலியைக் கழற்றி, வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வீட்டிலிருந்து இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்த வேல்மயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பார்த்துப் பொறுக்காமல்தான் தங்கமாடன் முன்னால் போனான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவன் குடிக்கவில்லை. கல்லில் ஒரு கையை வைத்து, "ஆத்தா, என் கனம் எனக்கு வேணும். இது என்னோடது, நான் எடுத்துக்கிறேன்" என்றான். சொன்ன மாத்திரத்தில் அவன் முட்டி மடங்கியது, பாதம் புழுதியில் புதைந்து, அத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் கால் தடம் மண்ணில் விழுந்தது. சந்தனமாரி ஓடிப்போய் அவன் இடுப்பிலிருந்த குழவியை அவிழ்த்தாள். கனத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றுகூட அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை, கனம் வேண்டும் என்று யார் கேட்பார்கள்?

பிறகு ஊர் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராகப் போய்க் கல்லைத் தொட்டு, இது என்னோடது, நான் எடுத்துக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, உர மூட்டைகளின் கனம் தோள்களில் இறங்கியது, தின்று தீர்த்த அரிசியின் கனம் வயிறுகளில் இறங்கியது, எப்போதோ எரிந்துபோன விறகின் கனம் பிடரியில் இறங்கியது, திடமான ஆட்கள் முனகிக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஊருக்குள் அந்தச் செங்கல் வீட்டின் சுவர்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு பெருமூச்சோடு அஸ்திவாரத்தில் அமர்ந்த சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. வெளியூர்க்காரர்கள் வைத்துவிட்டுப் போன பைகளின் கனத்தை இருக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக்கொண்டோம். அன்றைக்கு வாங்கியது இன்னும் என் இடது தோளில் இருக்கிறது, மழைக்கு முன்னால் வலிக்கும்.

எல்லோரும் எடுத்த பிறகு வேல்மயிலைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் வயிற்றைக் கல்லோடு அணைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, "இது... என்னோடது..." என்றாள். ஒன்றும் இறங்கவில்லை. மறுபடி சொன்னாள். உதடு நீலம் பாரித்தது. கல் அசைகிறதா என்று நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை.

"பிள்ளைய ஈடாப் பிடிச்சு வச்சிருக்கா" என்றாள் செல்லத்தாய் மெதுவாக. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்க சொமைய எடுங்க."

"நான் எதையும் வைக்கலையே. ஒரு பை வச்சிருப்பனா?"

"வச்சீக. எல்லாருக்கும் முன்னால வச்சீக. என் கழுத்துல தாலி கட்டுறதுக்கு அவசரப்பட்டு, அக்கா வயித்துப் பிள்ளையக் கொண்டாந்து ஊரு பேரு தெரியாதவ தலையில வச்சீக. கருமாதியன்னைக்குக்கூட நீங்க அழுகலன்னு எங்கப்பா பெருமையாச் சொன்னாரு. எனக்கு அன்னைக்கே தப்புன்னு பட்டுச்சு, வாயத் தொறக்கல. இப்ப தொறக்குறேன். எடுங்க."

சோலையப்பன் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். அப்போது உச்சிவேளை, ரோட்டில் வண்டி இல்லை, அந்த மூச்சு எங்கள் எல்லோருக்கும் கேட்டது, தோள் மாற்றப் போகிறவளின் மூச்சு. அவர் குனிந்து, இரண்டு கையையும் கல்லின் அடியில், அந்தப் பள்ளத்துக்குள் கொடுத்தார்.

"இருளாயி வயித்துப் பிள்ளை" என்றார். கையை இன்னும் ஆழமாகக் கொடுத்து மறுபடி சொன்னார். "இருளாயி வயித்துப் பிள்ளை என்னோடது. நான் எடுத்துக்கிறேன்."

கைகள் கல்லை விட்டு வெளியே வந்தபோது வெறுமையாகத்தான் இருந்தன, ஆனால் முழங்கை தாழ்ந்திருந்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் பழக்கமில்லாத ஆம்பிளை தூக்குகிற மாதிரி, விறைத்துப்போய், எங்கே நழுவிவிடுமோ என்று மாரோடு ஒட்டிக்கொண்டு அவர் நின்றார். கூட்டத்திலிருந்து ஒருத்தி, "தலையப் பிடிங்க, தலை தொங்குது" என்று தன்னை அறியாமல் சொன்னாள், அவரும் சட்டென்று இடது உள்ளங்கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்தார். பின்னால் வேல்மயில் "அம்மா" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். அவள் வயிறு எங்கள் கண்முன்னே இறங்கியது, அவள் மூச்சை உள்ளே இழுத்து, இழுத்து, மறுபடி இழுத்து, தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கனக்குதே கனக்குதே என்று சிரித்துக்கொண்டே அழுதாள். செல்லத்தாய் அவளைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் எல்லோருமே அழுதோம், சொல்வதற்கு வெட்கம் ஒன்றுமில்லை.

குறுக்குக் கல்லை நாலு பேர் சாதாரணமாகத் தூக்கிக்கொண்டு போய், ரெட்டைக்கால் பொட்டலில் அதன் சொந்தக் கால்களின் மேல், தேய்ந்த பக்கம் வானத்தைப் பார்க்க வைத்தோம். இருளாயியின் பெயர் இப்போது அடியில் இருக்கிறது. ஆளாளுக்கு ஒரு கைப்பிடி உப்பு கொண்டுபோய் அந்தப் பள்ளத்தில் போட்டோம், அவளுக்கு வேறு என்ன பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. கார்த்திகையில் வேல்மயிலுக்குப் பெண் பிறந்தது, தராசில் வைத்த ரோஸ்லின், தூக்க முடியலப்பா என்று பொய்யாக அலுத்துக்கொண்டாள்.

சோலையப்பன் கையைப் பின்னால் கோத்து நடப்பதை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. முதல் சில மாதம் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார், அப்புறம் தோளில் சாய்த்துக்கொண்டார், சாப்பிடும்போது ஒரு கையால் சாப்பிட்டார். பிள்ளை வளர்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். செங்கல் வீட்டுக்காரன் ஒருநாள் மரியாதையாக, "கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கட்டா பிரசண்டு" என்று கேட்டதற்கு, வேற்று முகம் பார்த்தால் அழும் என்று சொல்லிவிட்டார்.

அந்த மனுஷனைப் பார்க்கச் சகிக்காமல், இருளாயிக்கு நியாயமாகவே ஒரு கல் வைத்துவிடுவது என்று ஊர் கூடி முடிவெடுத்தோம். குவாரியில் சொல்லி, புதுக்கல் எடுத்து, தோள் உயரத்துக்கு, இனிமேல் எத்தனை தார் ஊற்றினாலும் தாழாத உயரத்துக்கு, பழைய கல் நின்ற அதே இடத்தில் நிறுத்தினோம். கல் வெட்டி வந்து சேர அடுத்த ஆவணி ஆகிவிட்டது. மாலை போட்டு, சூடம் காட்டி, செல்லத்தாயே முன்னால் நின்று அவரைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். இடது இடுப்பை ஒருபக்கமாகச் சரித்து, ஒரு கையை அணைவாக வளைத்து, பெண்டுகள் பிள்ளை வைத்துக்கொண்டு நடக்கிற நடையில் வந்தார். வேல்மயிலின் கைக்குழந்தை அவர் இடுப்பைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தது.

"எறக்கி வச்சிருங்க" என்றாள் செல்லத்தாய். "போதும். அக்காவுக்குக் கல்லு வந்துருச்சு. எறக்கி வச்சிருங்க."

அவர் கல்லைத் தொட்டுப் பார்த்தார், புதிதாக வெட்டிய எழுத்தை விரலால் தடவினார். அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்று, கண்டக்டர் "சுமைதாங்கி எறங்கு, சுமைதாங்கி எறங்கு" என்று விசிலை ஊத, சோலையப்பன் திரும்பி அவனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதப்பா. இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை இழுத்து இடுப்பில் இருந்ததன் முகத்தில் வெயில் படாதபடி மூடிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.